அண்ணாச்சி பதில்கள்: வலைப்பக்கத்தில் பட்டியலும் அட்டவணையும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: வலைப்பக்கத்துக்கான குறிமொழியான எச்.டி.எம்.எல். எழுதும்போது பட்டியல் எப்படிப் போடுவது, அட்டவணை எப்படிப் போடுவது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டேக் என்பது எது என்ன என்று ப்ரௌசருக்குச் சொல்லும் குறி. டேக் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில், கோண அடைப்புக்குள் தட்டுங்கள்.

வண்ணார்பேட்டை வாசகி: அண்ணாச்சி, எங்கள் வீட்டு மாப்பிள்ளைச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) செய்முறையை வலைப்பக்கத்தில் போட்டேன். ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் ஒரு சின்னக் கோடு தட்டி, வரி முடிவில் வரியை முறிக்கும் பி.ஆர். டேக் போட்டேன். கணினியில் அழகாக இருக்கிறது. போனில் பார்த்தால் நீளமான வரி மடங்கி, மிச்சம் கோட்டுக்கு நேர் கீழே போய் நிற்கிறது. எப்படிச் சரி செய்வது?

பதில்: கோட்டையும் பி.ஆரையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் தட்டிய கோடு ப்ரௌசருக்கு வெறும் ஓர் எழுத்து. அது ஒரு பட்டியல் என்று ப்ரௌசருக்கு யாரும் சொல்லவில்லை. எண் இல்லாத பட்டியலுக்கான யு.எல். என்று திறந்து, ஒவ்வொரு சாமானையும் ஓர் உருப்படிக்கான எல்.ஐ.-க்குள் வைத்து, கடைசியில் யு.எல்.-ஐ மூடுங்கள். புள்ளி தானாக வரும், மடங்கிய வரி புள்ளிக்கு அடியில் போகாமல் எழுத்துக்கு நேராக நிற்கும். புள்ளி பிடிக்கவில்லை, கோடுதான் வேண்டும் என்றால் அதை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ்.-இல் மாற்றிக்கொள்ளலாம்.

சாமான்களுக்கு யு.எல். போதும். பாசிப்பருப்பு முதலில் வந்தாலும் முருங்கைக்காய் முதலில் வந்தாலும் கடைக்குப் போகிறவருக்கு ஒன்றுதான். செய்முறைக்கு அப்படி இல்லை. மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், அப்புறம் இரண்டாம் பாலும் பருப்பும், இஞ்சி பச்சைமிளகாய்ச் சாறு, முதல் பால் கடைசியில், எலுமிச்சம்பழம் இறக்கின பிறகு. முதல் பாலை முன்னால் ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். அடுக்கு மாறினால் பொருள் கெடும் என்கிற இடத்தில் ஓ.எல். போடுங்கள். அதுவே எண் கொடுக்கும்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பின பக்கத்தில் தேங்காய்ப்பாலுக்குக் கீழே முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று உள்பட்டியல் வைத்திருக்கிறீர்கள். அது சரியான யோசனை. ஆனால் தேங்காய்ப்பால் எல்.ஐ.-ஐ மூடிவிட்டு, அதற்கு வெளியே உள் யு.எல்.-ஐத் திறந்திருக்கிறீர்கள். யு.எல்.-க்கு நேர்ப் பிள்ளையாக எல்.ஐ. மட்டுமே வரலாம். 'தேங்காய்ப்பால்' என்று எழுதி, எல்.ஐ.-ஐ மூடாமல், உள்ளே புது யு.எல்.-ஐத் திறந்து மூன்று பாலையும் எழுதி அதை மூடிவிட்டு, அப்புறம் வெளி எல்.ஐ.-ஐ மூடுங்கள். இப்போது ப்ரௌசர் எப்படியோ சமாளித்துக் காட்டிவிடுகிறது, அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை.

ஸ்ரீவைகுண்டம் வாசகர், வாடகை வேன் வைத்திருப்பவர்: அண்ணாச்சி, தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவன் கோயில்களுக்குப் போகும் நவகைலாய யாத்திரைக்கு ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். ஒன்பது கோயிலுக்கும் எண்ணைக் கையால் தட்டினேன். நடுவில் மதியச் சாப்பாட்டுக் குறிப்பு வைக்க வேண்டும் என்று ஓ.எல்.-க்கு மாற்றினால், குறிப்புக்குப் பிறகு எண் மறுபடி 1-இல் தொடங்குகிறது. தூத்துக்குடிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கடைசிக் கோயிலில் தொடங்கும் பட்டியலும் வேண்டும். எண்களை ௧, ௨, ௩ என்று தமிழில் காட்ட முடியுமா?

பதில்: மூன்றுக்கும் வழி இருக்கிறது.

ஓ.எல்.-ஐ மூடிவிட்டுச் சாப்பாட்டுக் குறிப்பை எழுதி, மறுபடி ஓ.எல். திறக்கிறீர்கள். ப்ரௌசருக்கு அது புதுப் பட்டியல், ஒன்றிலிருந்துதான் எண்ணும். இரண்டாவது ஓ.எல்.-இல் ஸ்டார்ட் என்ற பண்பை, அதாவது டேக்குக்குள் எழுதும் கூடுதல் குறிப்பைச் சேர்த்து 5 என்று கொடுத்தால் எண் தொடர்ந்துவிடும். ஆனால் என் யோசனை வேறு. குன்னத்தூர் தரிசனம் முடிந்துதானே சாப்பாடு? அந்தக் குறிப்பைக் குன்னத்தூர் எல்.ஐ.-க்குள்ளேயே இன்னொரு பத்தியாக எழுதிவிடுங்கள். எல்.ஐ.-க்குள் பத்தி, படம், இன்னொரு பட்டியல் எல்லாம் வரலாம். பட்டியல் உடையாது, முறப்பநாடு தானாக ஐந்தாவதாக நிற்கும். நாளைக்கு நடுவில் இன்னொரு இடம் சேர்த்தாலும் நீங்கள் எந்த எண்ணையும் தொட வேண்டாம்.

எதிர்த்திசைக்கு ரிவர்ஸ்டு என்று ஒரு பண்பு உண்டு. அதை ஓ.எல்.-இல் போட்டால் 9, 8, 7 என்று எண் இறங்கும். கவனியுங்கள், எண்தான் இறங்கும், கோயில்கள் இடம் மாறாது. பாபநாசத்தை முதலில் எழுதிவிட்டு ரிவர்ஸ்டு போட்டால் பாபநாசத்துக்கு 9 வந்துவிடும். சேர்ந்தபூமங்கலத்தை முதல் எல்.ஐ.-இல் எழுதி, அங்கிருந்து ராஜபதி, தென்திருப்பேரை என்று ஆற்றை எதிர்த்து நீங்களே அடுக்க வேண்டும். அப்படி அடுக்கிய பிறகு, பயணத்தில் முதல் கோயில் என்கிற பொருளில் 1 போட நினைத்தால் ரிவர்ஸ்டு வேண்டாம். நவகைலாய வரிசையில் அது ஒன்பதாவது என்று காட்ட நினைத்தால் வேண்டும்.

தமிழ் எண்ணுக்கு சி.எஸ்.எஸ்.-இல் லிஸ்ட்-ஸ்டைல்-டைப் என்பதற்கு 'டமில்' என்று மதிப்புக் கொடுங்கள். ௧, ௨, ௩ வந்துவிடும். பத்தாவது உருப்படி ௧௦ என்று வரும், பழைய முறையிலான ௰ வராது. உங்களுக்கு ஒன்பதோடு முடிவதால் கவலை இல்லை. யாத்திரைப் பக்கத்துக்குத் தமிழ் எண் வேண்டாம் என்பது என் கருத்து. வேனில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறவர் ௬-ஐயும் ௭-ஐயும் பார்த்துத் தயங்கக்கூடாது. கும்பாபிஷேக அழைப்பிதழுக்குப் போடுங்கள், அங்கே பொருந்தும். அ, ஆ, இ என்று வரிசை வேண்டுமானால் கவுண்டர்-ஸ்டைல் என்று சி.எஸ்.எஸ்.-இல் நாமே ஒரு வரிசையை வரையறுக்கலாம். 2023-இல் சஃபாரியும் சேர்ந்துகொண்ட பிறகு எல்லாப் பெரிய ப்ரௌசரும் அதை ஏற்கின்றன. பன்னிரண்டு உயிரெழுத்தையும் கொடுத்து 'ஆல்ஃபபெடிக்' முறையைத் தேர்ந்தால், பதின்மூன்றாவது 'அஅ' என்று வரும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கோயிலுக்கும் பக்கத்தில் கிரகத்தின் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள்: பாபநாசம் சூரியன், சேரன்மகாதேவி சந்திரன், கோடகநல்லூர் செவ்வாய், இப்படி. இதோடு நடைதிறக்கும் நேரத்தையும் சேர்க்கப்போகிறேன் என்கிறீர்கள். அப்படியானால் அது பட்டியலைத் தாண்டிவிட்டது. சனிக்கு எந்தக் கோயில் என்று தேடி வருகிறவர் கிரக நெடுவரிசையில் மேலிருந்து கீழே பார்த்து, ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, பக்கவாட்டில் நேரத்தைப் பார்ப்பார். கீழேயும் பார்க்க வேண்டும், பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும் என்றால் அட்டவணை போடுங்கள். கீழே மட்டும் பார்த்தால் போதும் என்றால் பட்டியல்.

அம்பாசமுத்திரம் வாசகி, கல்லூரி மாணவி: தாமிரபரணி அணைக்கட்டுகளையும் அவற்றில் பிரியும் கால்வாய்களையும் அட்டவணையாகப் போடுகிறேன். சில அணைக்கட்டில் இரண்டு கால்வாய் பிரிவதால், ஒரு கட்டத்தை இரண்டு வரிசைக்கு நீட்டும் ரோஸ்பான் 2 கொடுத்தேன். அதற்கு அடுத்த வரிசையில் கால்வாயின் பெயர் வலது பக்கம் தள்ளிப்போய், அட்டவணைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி.

பதில்: அட்டவணை சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல விஷயம் நம் ஊரில் கிடையாது. எட்டு அணைக்கட்டு, பதினோரு கால்வாய். கோடைமேலழகியானில் வடக்கு, தெற்கு என்று இரண்டு. நதியுண்ணி, கன்னடியன் இரண்டிலும் அதே பெயரில் ஒவ்வொன்று. அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய், பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் திருநெல்வேலிக் கால்வாய். மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். மூன்று இடத்தில் இரண்டிரண்டு பிரிவதால்தான் எட்டு பதினொன்றாகிறது.

உங்கள் தவறு எங்கே என்றால், கோடைமேலழகியானுக்கு அடுத்த வரிசையில் முதலில் ஒரு காலி டி.டி. போட்டிருக்கிறீர்கள். எக்செலில் பழகினவர்கள் கை அப்படித்தான் போகும். டி.ஆர். என்பது ஒரு வரிசை, டி.டி. என்பது அதில் ஒரு கட்டம். முதல் வரிசையில் அணைக்கட்டின் கட்டத்துக்கு ரோஸ்பான் 2 என்றதுமே, அந்தக் கட்டம் கீழ் வரிசையின் முதல் இடத்தையும் பிடித்துக்கொண்டது. கீழ் வரிசையில் நீங்கள் காலி டி.டி. போட்டால் அது இரண்டாவது இடத்தில் உட்காரும். தெற்குக் கோடைமேலழகியான் மூன்றாவது இடத்துக்குப் போகும். மூன்றாவது நெடுவரிசையே இல்லாததால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் காலி டி.டி.-ஐ எடுத்துவிடுங்கள், வரிசையில் கால்வாயின் பெயர் மட்டும் இருக்கட்டும்.

சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. தலைப்பு வரிசையை விட்டுவிட்டு எண்ணுங்கள். வரிசை பதினொன்று இருக்க வேண்டும், கால்வாய்க்கு ஒன்று. எட்டு வரிசையில் இரண்டிரண்டு கட்டம், மீதி மூன்றில் ஒவ்வொன்று. ஆக 19 கட்டம். உங்கள் கோப்பில் 22 இருந்தது. ரோஸ்பானோ, கட்டத்தைப் பக்கவாட்டில் நீட்டும் கோல்ஸ்பானோ போட்டு அட்டவணை கோணலானால் முதலில் தாளில் கட்டம் போட்டு எண்ணிப் பாருங்கள். கோடிங்கை எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் பிடிபடாதது தாளில் உடனே பிடிபடும். அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து எனக்கு அது பழக்கம். அப்போது பித்தளைக் கோட்டை வெட்டி வைத்துத்தான் கட்டம் அமைப்போம், தாளில் எண்ணாமல் யாரும் கோட்டை வெட்டமாட்டார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். முதல் ஆறு அணைக்கட்டும் திருநெல்வேலி மாவட்டம், மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் தூத்துக்குடி மாவட்டம். இதற்காக மாவட்டம் என்று மூன்றாவது நெடுவரிசை வைத்து ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம். வரிசைகளைத் தொகுக்கும் டி-பாடி என்கிற டேக்கை ஓர் அட்டவணைக்குள் ஒன்றுக்கு மேல் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. முதல் டி-பாடியில் திருநெல்வேலியின் ஏழு கால்வாய், இரண்டாவதில் தூத்துக்குடியின் நான்கு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மாவட்டப் பெயருக்கு ஒரு வரிசை வைத்து, அதில் ஒரே ஒரு டி.எச். (தலைப்புக் கட்டம்) போட்டு கோல்ஸ்பான் 2 கொடுங்கள். அந்த இரண்டு வரிசையும் சேர்ந்தால் மேலே சொன்ன 19, 21 ஆகும்.

கோடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். டேபிள் டேக்கிலேயே பார்டர் 1 என்று எழுதுவது பழைய முறை. சி.எஸ்.எஸ்.-இல் கட்டங்களுக்குப் பார்டர் கொடுத்து, டேபிளுக்கு பார்டர்-கொலாப்ஸ் என்பதை 'கொலாப்ஸ்' ஆக்குங்கள். இரட்டைக் கோடு ஒற்றைக் கோடாகிவிடும்.

மேலப்பாளையம் வாசகர்: கடைக்கு முகப்புப் பக்கம் செய்கிறேன். இடது பக்கம் மெனு, வலது பக்கம் படம், கீழே முகவரி. இதை ஒரு பெரிய டேபிளுக்குள் அடுக்கினால் சுலபமாக இருக்கிறது. செய்யலாமா?

பதில்: வேண்டாம். 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் டேக் பட்டியலில் பட்டியல் போடும் டேக்குகள் இருந்தன, டேபிள் இல்லை. 1995-இல் நெட்ஸ்கேப் ப்ரௌசர் டேபிளைக் கொண்டுவந்தது. 1997 ஜனவரியில் வந்த எச்.டி.எம்.எல். 3.2-இல் அது முறையாக இடம்பெற்றது. அப்போது பக்கத்தை அடுக்க வேறு நல்ல வழி இல்லாததால் எல்லாரும் டேபிளைப் பிடித்துக்கொண்டார்கள். 2017-இலிருந்து பெரிய ப்ரௌசர்களில் சி.எஸ்.எஸ். கிரிட் இருக்கிறது. பக்கத்தை அடுக்க அதை எடுங்கள். கடையின் விலைப்பட்டியலுக்கு மட்டும் டேபிள் போடுங்கள்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியை: தம்பி, எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் படிக்கிறேன். எங்கள் வயல் மணிமுத்தாறு பாசனம். மழைக்காலத்தில் அணை நீர்மட்டம் கேட்காமல் எனக்குப் பொழுது விடியாது. சில பக்கங்களில் அட்டவணையைத் திறந்தால் எண்ணாகக் கொட்டுகிறது. எது பாபநாசம், எது சேர்வலாறு, எது நீர்வரத்து, எது வெளியேற்றம் என்று தெரியவில்லை. சில பக்கங்களில் 'படம்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. இது என் கருவியின் குறையா?

பதில்: உங்கள் கருவியில் ஒரு குறையும் இல்லை, டீச்சர். பக்கம் போடுகிறவர்களின் குறை. இந்தப் பதிலை அவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மழைநாளில் அணை நீர்மட்டம் ஆற்றங்கரையில் இருக்கிற எல்லாருக்கும் உயிர் விஷயம். கண் தெரிகிறவருக்கு ஒரு பார்வையில் கிடைக்கிற தகவல் உங்களுக்குக் கிடைக்காமல் போவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அதுவும் நூறாண்டுக்கு மேலாகப் பார்வையற்றோர் பள்ளி நடக்கிற ஊரில்.

கண் தெரிகிறவர் 118 என்ற எண்ணைப் பார்த்ததும் கண்ணை மேலே ஓட்டித் தலைப்பைப் பார்க்கிறார், இடது பக்கம் ஓட்டி மணிமுத்தாறு என்று பார்க்கிறார். முழு உயரம் 118 அடி என்று புரிந்துவிடுகிறது. ஸ்கிரீன் ரீடருக்கு அந்த இரண்டு ஓட்டத்தையும் டேக் வழியாகத்தான் சொல்ல முடியும். தலைப்புக் கட்டத்துக்கு டி.டி. போடாமல் டி.எச். போட வேண்டும். டி.டி. போட்டு எழுத்தைத் தடிமனாக்கினால் கண்ணுக்குத் தலைப்பு மாதிரி இருக்கும், கருவிக்கு அதுவும் இன்னொரு சாதாரணக் கட்டம்தான். பெரும்பாலான பக்கங்களில் நடப்பது இதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவு. மேல் வரிசையில் 'அணை', 'முழு உயரம், அடி', 'இன்றைய நீர்மட்டம், அடி', 'நீர்வரத்து, வினாடிக்குக் கன அடி', 'வெளியேற்றம், வினாடிக்குக் கன அடி' என்று ஐந்து டி.எச். ஒவ்வொன்றுக்கும் ஸ்கோப் என்ற பண்பில் 'கோல்' என்று கொடுக்க வேண்டும். அதன் பொருள், இந்தத் தலைப்பு கீழே இருக்கிற கட்டங்களுக்கு உரியது என்பது. அப்புறம் ஒவ்வொரு வரிசையின் முதல் கட்டமான அணைப் பெயரையும் டி.எச். ஆக்கி, ஸ்கோப் 'ரோ' என்று கொடுக்க வேண்டும். இந்தப் பெயர் பக்கவாட்டில் இருக்கிற கட்டங்களுக்கு உரியது என்று பொருள். மேல் தலைப்பை டி.எச். ஆக்குகிறவர்களும் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அணைப் பெயர் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இவ்வளவும் இருந்தால், டீச்சர், கணினியில் என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் வைத்திருக்கிறீர்கள் என்றால் டி விசையைத் தட்டினதும் அட்டவணைக்குப் போய்விடும். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு அம்பு விசைகளைத் தட்டினால் கட்டம் கட்டமாக நகரலாம். வலது பக்கம் நகரும்போது நெடுவரிசைத் தலைப்பைச் சொல்லி எண்ணைச் சொல்லும். கீழே இறங்கும்போது அணையின் பெயரைச் சொல்லி எண்ணைச் சொல்லும். பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று முழு உயரத்தை மட்டும் கேட்டுக்கொண்டே இறங்கலாம். பக்கம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க நினைக்கிறவர்களும் இதையே செய்யுங்கள். என்.வி.டி.ஏ. இலவசம், 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. நிறுவிக்கொண்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் அட்டவணையில் மணிமுத்தாறு நீர்வரத்தைத் தேடிப் பாருங்கள்.

கேப்ஷன் என்று ஒரு டேக் இருக்கிறது, டேபிள் திறந்த உடனே முதல் ஆளாக வர வேண்டும். 'திருநெல்வேலி மாவட்ட அணைகளின் நீர்மட்டம்' என்று எழுதி, எந்தத் தேதி, காலை எத்தனை மணி நிலவரம் என்பதையும் அதில் சேர்த்தால், உள்ளே போகலாமா வேண்டாமா என்று கேட்கிறவர் அங்கேயே முடிவு செய்துகொள்வார். நேற்றைய அட்டவணை இன்றும் அப்படியே கிடந்தால் அதுவும் தெரிந்துவிடும். அளவு மாறவில்லை என்பதற்காகக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், எண்ணைத் திரும்ப எழுதுங்கள். தகவல் வரவில்லை என்றால் 'வரவில்லை' என்று எழுதுங்கள். அபாய அளவைச் சிவப்பில் காட்டுகிறவர்கள் பக்கத்தில் 'அபாயம்' என்ற சொல்லையும் சேருங்கள்.

பக்கத்தின் தலையில், எச்.டி.எம்.எல். டேக்கிலேயே, லேங் என்ற பண்பில் 'டி.ஏ.' என்று தமிழுக்கான குறியைக் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சில கருவிகள் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று திணறும்.

படம் பற்றி. அட்டவணையைக் கணினியில் செய்து, படம் பிடித்து, அந்தப் படத்தைப் பக்கத்தில் போடுகிறார்கள். வாட்ஸப்பில் சுற்றுவதற்கு அது வசதியாக இருக்கலாம். ஆனால் படத்துக்குள் இருக்கிற எண்ணைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது. டீச்சர் சொன்ன மாதிரி 'படம்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். படம் போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்குக் கீழே உண்மையான அட்டவணையையும் போடுங்கள். மூன்று நான்கு அணைதானே, தட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்.

களக்காடு வாசகர், வாழை விவசாயி: ஏத்தன், ரசகதலி, செவ்வாழை விலையை ஏழு நெடுவரிசையில் போடுகிறேன். போனில் பக்கம் முழுக்கப் பக்கவாட்டில் இழுபடுகிறது. சொல்லை உடைக்கச் சொல்லி சி.எஸ்.எஸ்.-இல் பிரேக்-ஆல் கொடுத்தேன், படிக்கவே முடியவில்லை.

பதில்: பிரேக்-ஆலை எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. அது 'களக்கா' என்று ஒரு வரியில் வெட்டி 'டு'-வை அடுத்த வரியில் போடும். தமிழ்ச் சொல் நீளம், வேற்றுமை உருபும் ஒட்டிக்கொண்டால் இன்னும் நீளம். அதை வெட்டிக் குறுக்குவதைவிட நகர்த்திப் படிக்க வைப்பது மேல். டேபிளைச் சுற்றி ஓர் உறையாக டிவ் டேக் போட்டு, அதற்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் என்பதை 'ஆட்டோ' ஆக்குங்கள். இனிமேல் பக்கம் அசையாது, அட்டவணை மட்டும் விரலால் நகரும். முதல் நெடுவரிசைக்கு பொசிஷன் 'ஸ்டிக்கி', லெஃப்ட் 0 என்று கொடுத்து, பின்னணி நிறமும் கொடுத்துவிட்டால், எவ்வளவு நகர்த்தினாலும் ஏத்தன், ரசகதலி என்ற பெயர்கள் இடது ஓரத்திலேயே நிற்கும். பின்னணி நிறம் கொடுக்காவிட்டால் அடியில் நகரும் எண்கள் பெயரோடு கலந்து தெரியும்.

டேபிளுக்கே டிஸ்ப்ளே 'பிளாக்' கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சில ப்ரௌசர்களில் அது அட்டவணை என்கிற தன்மையே போய்விடும், மேலே டீச்சர் கேட்ட தொல்லை திரும்ப வரும்.

ஏழு நெடுவரிசை உண்மையிலேயே வேண்டுமா என்றும் பாருங்கள். கிலோ விலை இருக்கிறது, தார் விலை இருக்கிறது, நேற்றைய விலை இருக்கிறது. 'குறிப்பு' என்ற கடைசி நெடுவரிசையில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. அதை எடுத்துவிட்டு, சொல்ல வேண்டியதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியாக எழுதலாம். விலை எண்களை வலது பக்கம் ஒட்டி நிறுத்துங்கள், ஒன்றுக்குக் கீழ் ஒன்று, பத்துக்குக் கீழ் பத்து வரும். 'ரூபாய்' என்பதைத் தலைப்பில் ஒருமுறை சொன்னால் போதும்.

வீரவநல்லூர் வாசகர்: வேர்டில் செய்த அட்டவணையை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் பக்கத்தில் தமிழ் எழுத்தே வரவில்லை, ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. டேக்குகளும் ஏராளமாக ஒட்டிக்கொண்டு வருகின்றன.

பதில்: இரண்டு வேறு நோய். எழுத்து மாறுவதற்குக் காரணம், வேர்டில் நீங்கள் பயன்படுத்தியது பழைய அச்சக எழுத்துரு. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது. முதலில் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றின பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் மாறாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். டேக்குகள் வராமல் ஒட்ட, கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்து மட்டும் வரும். டி.ஆரும் டி.டி.-யும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

சேரன்மகாதேவி வாசகர், மாணவர்: தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் வட்டாரக் குளங்களைப் பற்றி எழுதுகிறேன். அங்கே டேபிள் டேக் போடாமல் வேறு ஏதோ குறி போடுகிறார்கள். எப்படி?

பதில்: அது விக்கிக்கென்று இருக்கிற சுருக்க முறை, சேமித்ததும் எச்.டி.எம்.எல். ஆக மாறிவிடும். நெளி அடைப்பும் செங்குத்துக் கோடும் சேர்ந்தால் அட்டவணை திறக்கும். கோடும் சிறு கிடைக்கோடும் சேர்ந்தால் புது வரிசை. வரித் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டால் தலைப்புக் கட்டம், கோடு போட்டால் சாதாரணக் கட்டம். கோடும் மூடும் நெளி அடைப்பும் சேர்ந்து முடிக்கும். திறக்கிற வரியிலேயே கிளாஸ் 'விக்கிடேபிள்' என்று சேர்த்தால் கோடுகளும் நிறமும் விக்கியின் வழக்கப்படி வரும். தலைப்புக்கு இங்கேயும் ஸ்கோப் கொடுக்கலாம்.

பட்டியலுக்கு, புள்ளி வேண்டுமானால் வரித் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி, எண் வேண்டுமானால் ஹேஷ் குறி. உள்பட்டியலுக்கு இரண்டு நட்சத்திரம். எண் பட்டியலில் இரண்டு வரிக்கு நடுவே வெற்று வரி விடாதீர்கள், விட்டால் எண் மறுபடி 1-இல் தொடங்கும்.

குளங்களின் பெயர் மட்டும் கையில் இருந்தால் இப்போதைக்கு நட்சத்திரம் போட்டே எழுதுங்கள். எந்தக் கால்வாயில் தண்ணீர் வருகிறது, எவ்வளவு ஆயக்கட்டு (பாசன நிலம்) என்பது ஒவ்வொரு குளத்துக்கும் சான்றோடு கிடைத்த பிறகு அட்டவணையாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது சேமிப்பதற்கு முன்னால் முன்தோற்றம் பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.